அமைதியான துறைமுகமாம்ல!

ரெண்டு நாளா இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எழுதினா அக்கா மகன் கோவிச்சுக்குவான். எழுதலேன்னா எனக்குத் தூக்கம் வராது. அவன் கோவம் ரெண்டு நாள்ல போயிடும், என் தூக்கம் போனா திரும்ப வர்றது கஷ்டம். அதனால எழுதிடுறேன்.

பையன் ஜெர்மனியில வேலை பார்க்குறான். போன வருஷம் லீவு கிடைச்சு கிரீஸ் போயிட்டு வந்தான். எல்லாரும் போற சாண்டோரினிக்குப் போகலை. கூட்டமா இருக்குமாம். அய்யா போனது இத்தாக்கா. ட்ராய் போரை முடிச்சிட்டு ஒடிசியஸ் பத்து வருஷம் கடல்ல அலைஞ்சு வீடு திரும்பினான்ல, அந்த இத்தாக்கா. மொத்தத் தீவுலயும் ஒரு மூவாயிரம் பேர்தான். வத்தின்னு ஒரு துறைமுக ஊர். மலை சுத்தி நிக்க, நடுவுல குளம் மாதிரி கடல். கரையில நாலு காபிக் கடை, கட்டிப்போட்ட படகு, வெயில்ல தூங்குற பூனை. நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது.

மே மாசம் ஊருக்கு வந்தவன் அறந்தாங்கியில எங்க வீட்டுல மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாம்பழம் தின்னுக்கிட்டே இந்தப் படத்தையெல்லாம் காட்டினான். காட்டி முடிச்சிட்டு கேட்டான் பாருங்க ஒரு கேள்வி.

"மாமா, நம்ம பக்கம் இப்படி ஒரு எடம் இருக்கா சொல்லுங்க. துறைமுகமா இருக்கணும், புராணக் கதை இருக்கணும், சத்தம் இருக்கக் கூடாது."

நான் வாயைத் திறக்குறதுக்குள்ள, புதுக்கோட்டை டவுன்லயே பொறந்து வளந்த இன்னொரு சொந்தக்காரர் முந்திக்கிட்டார். "நம்ம மாவட்டத்துல ஏதுப்பா கடல்?"

எனக்கு மாம்பழம் தொண்டையில நின்னுடுச்சு.

இதுல அவரை மட்டும் திட்டிப் புண்ணியமில்ல. நானே கடலை முதமுதலா பார்த்தது மெரினாவுல, அதுவும் காலேஜ் படிக்கும்போது. அறந்தாங்கியிலேர்ந்து ஒரு மணி நேர பஸ்ல கடல் இருக்கு, நான் முன்னூத்தி எழுபது கிலோமீட்டர் போய்ப் பார்த்திருக்கேன். ஏன்னா எங்க யாருக்குமே "கடலுக்குப் போவோம்"னா கிழக்கால போகணும்னு தோணவே இல்ல. கிழக்கால இருக்குறது மீன் வர்ற ஊர். அவ்வளவுதான்.

இதுக்குக் கொஞ்சம் சரித்திரக் காரணமும் உண்டு. 1948-ல இந்தியாவோட சேந்த புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடல் கிடையாது. நாலு பக்கமும் நிலம். அறந்தாங்கி, ஆவுடையார்கோயில், மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் எல்லாம் அப்ப தஞ்சாவூர் ஜில்லா. 1974 ஜனவரியில திருச்சியிலேர்ந்து கொஞ்சம், தஞ்சாவூர்லேர்ந்து கொஞ்சம் எடுத்து புதுக்கோட்டை மாவட்டம் ஆக்கினப்பதான் இந்த மாவட்டத்துக்குக் கடலே வந்துச்சு. சுமார் 42 கிலோமீட்டர் கரை. இன்னொரு விஷயம், அதே 1974 ஜூன்லதான் இந்தியாவும் இலங்கையும் பாக் நீரிணையில கோடு போட்டு ஒப்பந்தம் பண்ணிக்கிட்டாங்க. கச்சத்தீவு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போச்சு. ஆக ஜனவரியில எங்களுக்குக் கடல் வந்துச்சு, ஜூன்ல அதுல பாதி போச்சு. அஞ்சு மாசம் முழுசா வச்சிருந்தோம். :-)

சரி, கேள்விக்கு வருவோம். துறைமுகம், புராணம். இருக்கா?

இருக்கான்னா கேக்குறீங்க? ஊரோட பேரே அதுதான்! நாம ஆவுடையார்கோயில்னு சொல்ற ஊருக்குப் பழைய பேரு திருப்பெருந்துறை. பெரிய துறை. துறைன்னா ஆத்துத் துறையாவும் இருக்கலாம், கடல் துறையாவும் இருக்கலாம். பக்கத்துல வெள்ளாறு ஓடுது (ஓடும்போது ஓடும்). கடல் இப்ப இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கு. ஆனா அந்த ஊர்க் கதையை நல்லா கேட்டீங்கன்னா அது ஒரு துறைமுகக் கதை. நாமதான் அப்படிக் கேக்குறதே இல்ல.

கதை எல்லாருக்கும் தெரியும். பாண்டியன் மந்திரி வாதவூரர். ராஜா பொன்னைக் கொடுத்து, போய் நல்ல குதிரையா வாங்கிட்டு வான்னு அனுப்புறார். மந்திரி பெருந்துறைக்கு வர்றார். குருந்த மரத்தடியில ஒரு குருவைப் பார்க்குறார். அதோட சரி. குதிரைக் காசு மொத்தமும் கோயிலுக்குப் போயிடுது. ராஜா ஓலை விடுறார், குதிரை எங்கேன்னு. ஆவணி மூலத்துக்கு வரும்னு பதில். சொன்ன மாதிரியே சிவபெருமான் காட்டு நரியையெல்லாம் பரியாக்கி, தானே குதிரை வியாபாரி வேஷத்துல மதுரைக்கு ஓட்டிட்டுப் போறார். ராத்திரி எல்லாம் திரும்ப நரியாகி, லாயத்துல இருந்த நெசக் குதிரையையும் கடிச்சுக் குதறிடுது. மந்திரியை வைகை மணல்ல வெயில்ல நிறுத்துறாங்க, வெள்ளம் வருது, புட்டுக்கு மண் சுமக்குறது, அப்புறம் மாணிக்கவாசகர், திருவாசகம். எல்லாம் தெரிஞ்சதுதான்.

ஆனா கதையோட முதல் வரியை யாராவது நின்னு கேட்டிருக்கோமா? மதுரையில இருக்குற மந்திரி குதிரை வாங்க எதுக்கு இந்தப் பொட்டக்காட்டுக்கு வரணும்?

குதிரை இங்கதான் வந்து இறங்குச்சுங்கறதுதானே கதை! நம்ம வெயிலுக்கும் நம்ம தீனிக்கும் குதிரை சரியா இனம் பெருகாது. பாண்டியனுக்குக் குதிரை கப்பல்லதான் வரணும், அரபு நாட்டுலேர்ந்தும் பாரசீகத்துலேர்ந்தும். பதிமூணாம் நூற்றாண்டு முடியுற சமயத்துல இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதைப் பார்த்துட்டு வாயில கையை வச்சிருக்கார். வருஷா வருஷம் கப்பல் கப்பலா குதிரை வாங்குறாங்க, அவிச்ச அரிசியோட கறியைக் கலந்து தீனி போடுறாங்க, பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல, பாதிக்கு மேல செத்துப்போகுது, மறு வருஷம் மறுபடி வாங்குறாங்கன்னு எழுதி வச்சிருக்கார். அரசாங்கக் கொள்முதல்னா அன்னைக்கும் அப்படித்தான் போல. அதுக்கு ஆயிரம் வருஷம் முந்தியே பட்டினப்பாலை, கடல் வழியா வந்த குதிரையைப் பத்திப் பேசுது.

ஆக இந்தக் கதைக்குள்ள அந்நியச் செலாவணி இருக்கு, கப்பல் வியாபாரம் இருக்கு, அரசாங்கப் பணத்தை ஒரு அதிகாரி வேற கணக்குல செலவு பண்ணின விவகாரம் இருக்கு. அதையெல்லாம் தாண்டி இன்னொண்ணு இருக்கு. கடவுள் எந்த வேஷத்துல வந்தார்? ராஜா வேஷத்துலயா? வந்திருக்கலாம். அய்யர் வேஷத்துலயா? அதுவும் வந்திருக்கலாம். குதிரைக்காரனா வந்தார். கடல் தாண்டி வந்து வியாபாரம் பண்றவன் வேஷத்துல. குதிரைக்காரனுக்கு நம்ம தமிழ்ல ஒரு பேர் உண்டு, ராவுத்தர். அருணகிரிநாதர் முருகனையே ராவுத்தன்னு கூப்பிடுவார், மயிலேறுற ராவுத்தன். யாருக்கும் அப்ப கசக்கலை.

அப்படியே ஆவுடையார்கோயில்லேர்ந்து கிழக்கால இருபது கிலோமீட்டர் போனா கோட்டைப்பட்டினம். அங்க கடற்கரையோட பெரிய அடையாளம் என்ன தெரியுமா? ராவுத்தர் அப்பா தர்கா. அங்க அடங்கியிருக்கிற மகானோட வரலாறு வேற, வாதவூரர் கதை வேற. ரெண்டையும் முடிச்சுப் போட நான் வரலை. ஆனா இருபது கிலோமீட்டர் ரோட்டுல ஒரு முனையில குதிரையில வர்ற சிவன் கல்லுல நிக்கிறார், மறு முனையில ராவுத்தர்ங்கற பேர்ல ஒரு தர்கா, கந்தூரிக்கு எல்லா மதத்துக்காரனும் போறான். நடுவுல கடல் வாசனை. இதை ஒரே நாள்ல பார்த்தவங்க எத்தனை பேர் இருக்கோம்?

இதுதான் என் கோவத்துல முதல் பாதி. நாம இந்த ஊரை மூணாப் பிச்சுப் பங்கு போட்டுட்டோம். கோயில் பக்தர்களுக்கு. தர்கா "அவங்களுக்கு". கடல் தினசரிப் பேப்பர்ல எட்டாம் பக்கத்துக்கு. டூரிஸ்ட் வேன் ஆவுடையார்கோயில் வாசல்ல வந்து நிக்கும், கொடுங்கையை அண்ணாந்து பார்ப்பாங்க (பார்க்க வேண்டியதுதான், கல்லை மரச் சட்டம் மாதிரி, கம்பி மாதிரி இழைச்சிருக்கான். ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலான்னு அந்தக் கால சிற்பிங்க வேலை ஒப்பந்தத்துலயே எழுதிக்குவாங்களாம்). கருவறையில லிங்கம் இல்லாம வெறும் ஆவுடை மட்டும் இருக்குறதைப் பார்த்து ஆச்சரியப்படுவாங்க. கொடிமரம் இல்ல, நந்தி இல்லன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குவாங்க. புழுங்கலரிசிச் சோத்தைச் சுடச்சுடக் கல்லுல கொட்டி, அந்த ஆவியையே சாமிக்குப் படைக்கிறதைக் கும்பிட்டுட்டு, வண்டியை மேற்கால திருப்பி மதுரைக்குப் போயிடுவாங்க. ஏண்டா, குதிரை வந்த பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தா என்ன!

பொதுவா இத்தாக்காகாரன் இதுல கெட்டிக்காரன். அவனுக்கும் சந்தேகம் இருக்கு. இப்ப இத்தாக்கான்னு சொல்ற தீவுதான் ஹோமர் சொன்ன இத்தாக்காவான்னு பெரிய சண்டை. 2005-ல ராபர்ட் பிட்டில்ஸ்டோன்னு ஒருத்தர், அதெல்லாம் இல்ல, பக்கத்துத் தீவான கெஃபலோனியாவோட மேற்கு முனைதான் பழைய இத்தாக்கா, நடுவுல இருந்த கடல் கால்வாய் மண்ணு மூடிப்போச்சுன்னு தடியா ஒரு புத்தகமே போட்டார். நிலவியல் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து மண்ணைத் தோண்டிப் பார்த்தாங்க. ஒரு கதைக்காக! நம்ம ஊர்ல பெருந்துறைன்னு பேர் வச்சுக்கிட்டு கடல் ஏன் இருபது கிலோமீட்டர் தள்ளி நிக்குதுன்னு கேட்டா, "எல்லாம் அவன் திருவிளையாடல்"னு பதில் வரும்.

இன்னும் ரெண்டு வரி சேத்துக்கிறேன். மணமேல்குடி, குலச்சிறை நாயனார் ஊர். அவரும் பாண்டிய மந்திரிதான். இந்தக் கரைக்கும் பாண்டிய மந்திரிமாருக்கும் என்ன பொருத்தமோ. (அந்தக் கதையில கழுமரம் எல்லாம் வரும், அதுக்குத் தனிப் பதிவு போட்டுத்தான் சண்டை போடணும்.) மீமிசல்ல கல்யாண ராமர் கோயில். புராணம் போதுமா மாப்ளே?

இதையெல்லாம் சொல்லி, மறுநாள் காலையிலேயே அவனைக் கூட்டிட்டுக் கிளம்பினேன். கோயில் பார்த்தோம். அவனுக்கு நெசமாவே பிடிச்சுது. பதினோரு மணி சுமாருக்குக் கோட்டைப்பட்டினம் போய்ச் சேந்தோம். விசைப்படகு எல்லாம் வரிசையா கட்டிக் கிடந்துச்சு. நீலம், பச்சை, சிவப்புன்னு கொடி. கரையில ஒண்ணு ரெண்டு படகை ஏத்தி வச்சு பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தாங்க. ஏலக் கூடம் காலி. ஐஸ் பெட்டியெல்லாம் கவுத்துப் போட்டுக் கிடந்துச்சு. ஒரு நாய் தூங்குது. தண்ணியில அலையே இல்ல. பாக் விரிகுடா அப்படித்தான், ஆழம் குறைச்சல், கொதிச்சு ஆறின பால் மாதிரி கிடக்கும்.

பய அப்படியே நின்னுட்டான். போனை எடுத்தான். "மாமா... செம மாமா! வத்தி மாதிரியே இருக்கு. என்ன ஒரு அமைதி!"

பக்கத்துல வேப்பமர நிழல்ல ஒரு பெரியவர் வலை பொத்திக்கிட்டிருந்தார். கால் கட்டைவிரல்ல வலையை மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு, ஊசி போயிட்டுப் போயிட்டு வருது. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"தம்பி எங்கேர்ந்து வர்றீக?"

"அறந்தாங்கிதாங்கய்யா. தம்பி வெளிநாட்டுல இருக்கு."

"சத்தமில்லாம இருக்குறது தம்பிக்குப் புடிச்சிருக்காக்கும். தடைக்காலம்ல தம்பி, அதான் இப்புடிக் கெடக்கு. ஜூன் பதினாலு முடிஞ்சு வாங்க. ஏலம் விடுற எடத்துல நில்லுங்க. ஒங்க பேச்சு ஒங்களுக்கே கேக்காது."

அவ்வளவுதான் சொன்னார். கோவமாக்கூடச் சொல்லலை. எனக்குத்தான் சுருக்குன்னுச்சு. ஏன்னா நானும் உள்ளுக்குள்ள அதையேதான் நினைச்சேன். என்ன அமைதின்னு. இது என் கோவத்துல ரெண்டாவது பாதி, இது என் மேல எனக்கே.

அமைதியான துறைமுகம்னு நாம எதைச் சொல்றோம்? கிழக்குக் கரையில ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடை. மீன் இனப்பெருக்கக் காலம். 2017-லேர்ந்து 61 நாள், அதுக்கு முன்னாடி 45 நாள். தடை வேணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்த 61 நாளும் அந்த வீட்டுல வருமானம்னு கிடைக்கிறது அரசாங்கத்தோட நிவாரணம், இப்ப 8,000 ரூபாய். தடை இல்லாத நாள்லயும் விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள்தான், மீதி நாட்டுப்படகுக்கு. அதுக்கு மேல புயல் சின்னம், காத்து எச்சரிக்கைன்னா டோக்கன் கிடையாது. அதுக்கும் மேல, படகு பிடிபட்டா வேலைநிறுத்தம். அப்பவும் துறைமுகம் அமைதியாத்தான் இருக்கும். நீங்க போட்டோ எடுக்கலாம். நல்ல வெளிச்சம் கிடைக்கும்.

2021 ஜனவரி 18. கோட்டைப்பட்டினத்துலேர்ந்து போன ஒரு படகு, நாலு பேர். இலங்கைக் கடற்படைக் கப்பலோட மோதி முழுகிப் போச்சு. தப்பிக்கப் பார்த்து அவங்களே வந்து மோதினாங்கன்னு கடற்படை சொல்லுச்சு. கப்பலைக் கொண்டுவந்து மோதினாங்கன்னு இங்க சொன்னாங்க. நாலு பேரும் பிணமாத்தான் வந்தாங்க. அதுல ஒருத்தர் மண்டபம் முகாம்ல இருந்த ஈழத்துப் பையன். ஒரு நாட்டுலேர்ந்து உயிர் பிழைச்சு ஓடி வந்து, வயித்துப் பாட்டுக்குக் கடலுக்குப் போய், அதே நாட்டுக் கப்பல் முன்னாடி செத்துப் போயிருக்கார். அதே வருஷம் அக்டோபர்ல இன்னொரு படகு, இன்னொரு உயிர். அந்தந்த வாரம் கோட்டைப்பட்டினம் எவ்வளவு அமைதியா இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இங்க ஒருத்தன் உடனே எழுந்திருச்சு கச்சத்தீவுன்னு கத்துவான். தேர்தலுக்குத் தேர்தல் கேக்குற சத்தம் அது. அந்தச் சத்தத்துக்கும் இந்தக் கரைக்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். நெசத்தைச் சொன்னா நம்ம ஆளுங்களுக்கே கசக்கும், இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும். நாம ஓட்டுறது இழுவைமடி. கடல் தரையோட வழிச்சு வாரிக்கிட்டு வர்ற வலை. குஞ்சு, முட்டை, பாசி எல்லாம் சேந்து வரும். நம்ம பக்கம் வழிச்சுத் தீந்துபோச்சு. அதனால அந்தப் பக்கம் போறோம். அந்தப் பக்கம் இருக்குறது யாரு? சிங்கள முதலாளியா? யாழ்ப்பாணத்துலயும் மன்னார்லயும் இருக்குற தமிழ்ச் சம்மாட்டி, சின்னப் படகுக்காரன். போர் நடந்த வருஷமெல்லாம் கடலுக்கே போக முடியாம கிடந்தவன். 2009-க்கு அப்புறம் கடன் வாங்கி வலை போட்டா, நம்ம விசைப்படகு அதை அறுத்துக்கிட்டுப் போகுது. 2017-ல இலங்கை இழுவைமடியைத் தடை பண்ணினதும் அவங்க கேட்டுத்தான். அவங்க பேசுறதும் நம்ம தமிழ்தான், திட்டுறதும் நம்ம தமிழ்தான். நமக்குத்தான் கேக்கல.

அதுக்காக சுட்டுக் கொல்லலாம், மோதிக் கொல்லலாம்னு நான் சொல்லலை. எல்லை தாண்டினவனைப் பிடிக்கச் சட்டம் இருக்கு, சாகடிக்கச் சட்டம் இல்ல. ஆனா இழுவைமடியை விட்டுட்டு ஆழ்கடலுக்குப் போக இவங்களுக்கு ஒழுங்கா வழி பண்ணிக் கொடுத்தோமா? 2017-ல திட்டம் போட்டாங்க, மூணு வருஷத்துல ரெண்டாயிரம் படகு மாத்துறோம்னு. மாறினது அதுல சின்னப் பங்குதான். கடன் சுமை, பழக்கமில்லாத தொழில், சூரை மீனுக்காகப் பல நாள் கடல்லயே தங்கணும். காலையில போயிட்டு மறுநாள் கரையேறிப் பழகினவனை ராத்திரியோட ராத்திரியா மாத்த முடியுமா? பிடிபட்ட படகு எல்லாம் மயிலிட்டியிலயும் காரைநகர்லயும் கட்டிக் கிடந்து மக்குது. போய்ப் பாருங்க, அதுவும் அழகான அமைதியான துறைமுகமாத்தான் இருக்கும்.

மறுபடி இத்தாக்காவுக்கு வர்றேன், ஏன்னா மாப்ளைக்கு நான் அநியாயம் பண்ணக் கூடாது. அங்க மட்டும் அமைதி சும்மா வந்துச்சா? 1953 ஆகஸ்ட்ல பெரிய பூகம்பம். அந்தப் பக்கத்துத் தீவுகள்ல ஊர் ஊரா இடிஞ்சு விழுந்துச்சு. வத்தியும்தான். ஏற்கெனவே பிழைப்புக்கு வெளிநாடு போய்க்கிட்டிருந்த சனம், அதுக்கப்புறம் இன்னும் கூட்டமா ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் கப்பலேறிப் போச்சு. இப்ப மூவாயிரம் பேர் மட்டும் இருக்குற தீவுன்னு நாம ரசிக்கிறோமே, மீதிப் பேர் எங்கேன்னு கேக்க வேணாமா? நம்ம அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம் தெருவுல மத்தியானம் ஆம்பளை ஆளையே பார்க்க முடியாது. சிங்கப்பூர், மலேசியா, துபாய். வாசல்ல உக்காந்து கணவர் போனுக்குக் காத்திருக்கிற பெண்களுக்கு யாரும் காவியம் எழுதலை. ஒடிசியஸ் பொண்டாட்டி பெனலோப்பி இருபது வருஷம் காத்திருந்தா, பகல்ல நெஞ்ச துணியை ராத்திரி பிரிச்சுப் பிரிச்சு. இவங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு மாச லீவுக்குக் காத்திருக்காங்க.

வர்ற வழியில வண்டியில மாப்ள ஒண்ணும் பேசலை. நான்தான் சும்மா இருக்க முடியாம இன்னொரு கதை விட்டேன். ஒடிசியஸை மயக்கக் கடல்ல பாட்டுப் பாடுவாங்களே சைரன்கள், அந்தப் பேர்ல ஒரு மிருக இனம் இருக்கு. சைரீனியா. நம்ம கடல்பசு அந்த வகைதான். ஆவுளியான்னும் சொல்வாங்க. கடல் தாழை மேய்ஞ்சுக்கிட்டு, குட்டிக்குப் பால் கொடுத்துக்கிட்டு, மாலுமிங்க கண்ணுக்குக் கடல்கன்னியாத் தெரிஞ்ச ஜீவன். இந்தியாவுலயே கடல்பசுவுக்குன்னு முதல் காப்பகம் எங்க அறிவிச்சாங்க தெரியுமா? இங்கதான். 2022 செப்டம்பர்ல, பாக் விரிகுடாவுல தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடல் 448 சதுர கிலோமீட்டர், அதிராம்பட்டினத்துலேர்ந்து அம்மாபட்டினம் வரைக்கும்.

"அட, சைரன் நம்ம ஊர்லயா மாமா!"ன்னு பய மறுபடி போனை எடுத்தான்.

"எடுக்காத மாப்ள. அது பாடாது. அதோட தாழையையும் இழுவைமடி வழிச்சிக்கிட்டுப் போகுதுன்னுதான் காப்பகமே போட்டிருக்காங்க."

அன்னைக்கு ராத்திரி அவன் படங்களையெல்லாம் எங்கயோ ஏத்தியிருந்தான். கோட்டைப்பட்டினம் படத்துக்குக் கீழ என்ன எழுதியிருக்கான்னு பார்த்தேன். "அமைதியான துறைமுகம்"னு முதல்ல போட்டு, அதை அடிச்சிட்டு, "தடைக்காலம், கோட்டைப்பட்டினம்"னு மாத்தியிருந்தான். அதுக்கு லைக் ஏழே ஏழு. இத்தாக்காவுக்கு முன்னூத்திச் சொச்சம்.

டிஸ்கி: ஜூன் பதினஞ்சுக்கு அப்புறம் போறேன். வர்றவங்க சொல்லுங்க, அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுல காலையில டீ என் செலவு. ஆவுடையார்கோயில்ல பூசை நேரம் கேட்டுக்கிட்டுப் போங்க, பாகற்காயும் கீரையும் அங்க சாமி நைவேத்தியத்துல உண்டு. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்தா அதையும் காட்டுங்க. ஏலக் கூடத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வராதீங்க. போன தடவை நான் போட்டுட்டுப் போய், வீட்டுல ஒரு வாரம் திட்டு வாங்கினேன்.